காருக்குக் கண்ணாடிப் பூச்சு

புதுப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? பக்கத்து இலைக்காரர் ரசத்தைச் சற்று வேகமாகப் பிசைந்தாலும் நமக்கு நெஞ்சு படபடக்கும். போன வருஷம் நான் கார் வாங்கினேன். அன்று முதல் அந்தப் படபடப்பு எனக்குத் தினசரி வாடிக்கையாகிவிட்டது.

புதுக் கார் அல்ல. நாலு வருஷம் வேறொருவர் ஓட்டிய கார்தான். ஆனால் என் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில், என் பெயரில் வாங்கியது. நிறம் கருநீலம். "கருநீலம் வேண்டாம், தூசி காட்டிக் கொடுத்துவிடும்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வேண்டாமென்றதற்காகவே நான் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

சென்னையில் எங்கள் தெருவில் கார் நிற்கிற இடத்துக்கு மேலே ஒரு வேப்ப மரம். அதில் வசிக்கும் காக்கைகளுக்கு என் கார்மீது தனிப் பிரியம். ஒரு நாள் பார்த்தேன். காக்கை எச்சத்தைத் துடைத்த இடத்தில் வர்ணம் மங்கி, வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. அன்றைக்கே ஒரு கடைக்கு ஓடினேன்.

கடைக்காரப் பையன் காரைச் சுற்றி வந்தான். "செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்க, மேடம். வைரம் மாதிரி இறுகிடும். அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றான். எவ்வளவு என்று கேட்டேன். 22,000 ரூபாய் என்றான். வைரம் என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம்தான்.

பத்திரிகைக்காரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னால், அது என்னவென்று தோண்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. நாலு ராத்திரி தோண்டினேன். தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் கார் இருக்கலாம், கடைக்காரப் பையனும் வந்து சேரலாம்.

காரின் தகட்டின்மேல் முதலில் ஓர் அடிப் பூச்சு, அதன்மேல் வர்ணம், அதற்கும் மேலே நிறமில்லாத ஒரு வார்னிஷ். இந்த வார்னிஷின் கனம் சுமார் 40, 50 மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். ஆக, பளபளப்பு முழுவதும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு தோலில்தான் இருக்கிறது. முன்னெல்லாம் அதைக் காப்பாற்ற மெழுகு பூசுவார்கள். பிரேஸில் தேசத்தில் கார்னோபா என்று ஒரு பனை ஜாதி மரம். அதன் ஓலையில் படிகிற மெழுகு அது. பூசியவுடன் அழகாக இருக்கும். நம் ஊர் வெயிலிலும் சோப்பிலும் சில வாரங்களில் போய்விடும்.

செராமிக் பூச்சு அப்படிப்பட்டதல்ல. பெயரைக் கேட்டுச் சட்டி பானையை நினைக்க வேண்டாம். புட்டியில் இருப்பது தண்ணீர் போன்ற ஒரு திரவம். பூசியதும் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து, வார்னிஷைப் பற்றிக்கொண்டு, சிலிக்கா வலையாக இறுகிவிடுகிறது. ஆற்று மணலிலும் ஜன்னல் கண்ணாடியிலும் இருக்கிற அதே சிலிக்காதான். கனமோ ஒரு மைக்ரான், மிஞ்சினால் இரண்டு. அழுக்கு ஒட்டுவது குறையும்; எச்சம் ஊறி அரிப்பது தாமதமாகும்; கழுவுவது சுலபமாகும். கல் தெறித்தால் தாங்குமா? தாங்காது. ஆணியால் கீறினால்? கீறல் விழத்தான் விழும்.

அப்படியானால் அந்த வைரம்? புட்டிகளில் எல்லாம் '9எச்' என்று போட்டிருக்கிறது. அது வைரத்தை அளக்கிற கணக்கே அல்ல, பென்சில் கணக்கு! பள்ளிக்கூடத்தில் எச்.பி., 2எச் என்று பென்சில் வாங்குவோமே, அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில் 9எச். அந்தப் பென்சிலால் அழுத்தி இழுத்தாலும் கோடு விழவில்லை என்பது மட்டுமே அதன் அர்த்தம். இதைப் படித்த அன்றைக்கே 22,000 ரூபாயைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

புட்டி வாங்குவதிலும் ஒரு பாடம். ஐந்து, ஏழு வருஷம் என்று பேசுகிற புட்டிகள் சீக்கிரம் இறுகிவிடும். கை பழகியவர்களுக்கே அவை சரி. தெளித்துத் துடைத்துவிடும் ரகம் மிகச் சுலபம்; ஆயுள் சில மாதங்களே. நடுத்தரமாக, இரண்டு வருஷம் என்று அடக்கமாகப் பேசிய ஒரு புட்டியை வாங்கினேன். 50 மில்லி. மருந்துப் புட்டி அளவுதான், ஒரு காருக்குத் தாராளம். கையுறை, மைக்ரோஃபைபர் துணி பன்னிரண்டு, மற்றச் சாமான்கள் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய்.

இடம்தான் இல்லை. வெயிலும் தூசியும் படாத நிழல் வேண்டும். ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படக் கூடாது. எங்கள் தெருவில் காக்கைகளிடம் யார் உத்தரவு வாங்குவது? "பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோமே, அத்தை வீட்டுத் தகரக் கொட்டகை இருக்கிறதே" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன நல்ல யோசனைகளில் அதுவும் ஒன்று.

எங்கள் ஊர் தர்மபுரி ஜில்லாவில் பென்னாகரத்துக்குப் பக்கம். அப்பா சின்ன வயதிலேயே உத்தியோகத்துக்காகச் சென்னைக்கு வந்துவிட்டார். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஊரில் அவருடைய அக்கா, என் அத்தை, இருக்கிறாள். வயது அறுபத்து நாலு. போகியன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். காரைச் சுற்றி வந்து பார்த்து, "நீயே வாங்கினதா கண்ணு?" என்று அத்தை சிரித்தாள். சிரிக்கும்போது, எப்போதும் போல, முந்தானையை வாய்க்கு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பொங்கல் வைத்து முடித்ததும் வேலையைத் தொடங்கினேன். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொரு வாளியில் துணி அலச நல்ல தண்ணீர். இரண்டு வாளி எதற்கென்றால், அழுக்குத் துணியின் மணல் மறுபடி காரில் போய்க் கீறக் கூடாதென்றுதான். போர்வெல் மோட்டாரைப் போட்டு, களத்தில் வெயிலில் காரை நிறுத்தி, குழாயால் அடித்துக் கழுவினேன். கொலுவில் வைக்கலாம் போல் மின்னியது. கைகழுவிச் சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்து பார்த்தால், கார் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள்! அம்மை போட்ட குழந்தை மாதிரி நின்றது. துணியால் துடைத்தேன், போகவில்லை. சோப்புப் போட்டேன், அதற்கும் போகவில்லை.

பாறையைத் துளைத்து எடுத்த கடினமான தண்ணீர். வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிட்டது. அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து அப்படியே ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "பூச்சை மேலே பூசிவிட்டால் எல்லாம் மறைந்துவிடாதா?" என்றார். அங்கேதான் பெரிய ஆபத்து! செராமிக் பூச்சு எதையும் மறைக்காது. கண்ணாடிச் சட்டம் போட்ட படம் போல, உள்ளே இருப்பதை அப்படியே பூட்டிவைத்துவிடும். கறையோடு பூசினால் பூச்சு உள்ளவரை கறையும் இருக்கும்.

திண்ணையிலிருந்து அத்தை எழுந்து வந்தாள். வட்டங்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எம் பல்லாட்டம் ஆயிப்போச்சே உன் வண்டி!" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா என்ன என்று தெரியவில்லை. அத்தையின் பற்களில் வெள்ளைத் திட்டுக்களும் பழுப்புக் கோடுகளும் உண்டு. ஊரில் அவள் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். அப்பாவுக்கும் இருந்தது, அவருக்கு மீசை மறைத்தது. அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு வெத்தலை போடுமோ?" என்று கேட்டார்களாம். கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த நாற்பது வருஷத்துப் போட்டோக்களிலும் அப்படியேதான்.

காரில் படிந்தது சுண்ணாம்பு. அத்தையின் பல்லைக் கெடுத்தது அது அல்ல. அதே பாறையிலிருந்து அதே தண்ணீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு. அதற்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதிகமாகத்தான் ஆகும். அளவோடிருந்தால் பல்லுக்கு நல்லதென்று பற்பசையிலேயே சேர்க்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். தர்மபுரி ஜில்லாவில் பல ஊர்க் கிணறுகளில் அதற்கு மேல்தான்.

பல்லுக்கும் ஒரு மேல்பூச்சு உண்டல்லவா? எனாமல். மனித உடம்பில் அதைவிடக் கடினமான வஸ்து கிடையாது. பல் ஈறுக்குள் இருக்கும்போதே அந்தப் பூச்சு உருவாகிறது. கடவாயில் கடைசியாக முளைக்கும் ஞானப் பல் நீங்கலாக, அநேகமாக எட்டு வயதுக்குள் வேலை முடிந்துவிடும். அந்த வயதில் குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு மிஞ்சினால் பூச்சு சரியாக இறுகுவதில்லை. திட்டும் கறையுமாக முளைக்கிறது. வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும்கூடப் பிடித்துக்கொள்ளும்.

"புளியைப் போட்டு விளக்கிப் பாரு. பித்தளைக் குண்டானே வெளுக்குது, இது வெளுக்காதா?" என்றாள் அத்தை.

புளிக்குப் பேர்போன ஜில்லாவாயிற்றே! கேட்டவுடன் சிரித்தேன், யோசித்தபோது அத்தை சொன்னதுதான் ரசாயன சாஸ்திரம் என்று தெரிந்தது. சுண்ணாம்பைப் புளிப்பு கரைக்கும். புளியில் நாரும் மண்ணும் இருக்கும், வர்ணத்தைக் கீறிவிடும். ஆகவே வெள்ளை வினிகர் வாங்கிவரச் சொன்னேன். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். உடனே நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்துத் தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. அத்தையின் பேத்தி, ஒன்பது வயதுக்காரி, குடத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு ஓடினாள்.

"அதில் இரண்டு குடம் ஊற்றினால் போதுமே" என்றார் என் வீட்டுக்காரர்.

அத்தை அவரிடம் கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கோபப்படவில்லை. "வேண்டாங்க மாப்பிள்ளை. அது குடிக்கிற தண்ணி" என்று மட்டும் சொன்னாள். சற்றுப் பொறுத்து என்னிடம், "இங்கிருந்து பதினஞ்சு, பதினாறு கிலோமீட்டர்ல காவேரி விழுது கண்ணு. நாங்க இந்தப் போர்த் தண்ணியைக் குடிச்சே கெழவியானோம்" என்றாள்.

எனக்கு முகம் கன்றிவிட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானின் கடனுதவியோடு வேலை நடந்து, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஜில்லாக்களுக்கும் காவேரி வந்தது. ஃப்ளோரைடுக் கேட்டைப் போக்குவதென்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு பிறந்தவள் இந்தப் பேத்தி. குடத்தை இறக்கிவிட்டு அவள் சிரித்தபோது பார்த்தேன். பாலாடை மாதிரி வெள்ளைப் பல். அவளுக்கு முந்தானையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

பென்னாகரத்தில் பாட்டரிக் கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் வாங்கி வந்தோம். அதில் எந்த உப்பும் கிடையாது. காய்ந்தால் கறையும் விழாது. அழுக்குப் போக்கப் போர்வெல் தண்ணீர். அதுவும் நிழலில், காய்வதற்குள் துணியால் ஒற்றிவிட வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். இந்த முறையில் வட்டங்கள் போயின. பிறகு, பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம். அது துகளைத் தொட்டதும் நாவல்பழச் சாறு போல் ஊதாவாக வழிகிறது. பிறகு, களிமண் போன்ற ஒரு கட்டியால் வழுக்கி வழுக்கித் தேய்த்து மீதிப் பிசுக்கை எடுப்பது. பிறகு, மெல்லிய பாலிஷ். காக்கைத் தழும்பு முக்கால்வாசி போயிற்று. இவ்வளவும் முடிய விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. புட்டியை இன்னும் திறக்கவே இல்லை! செராமிக் பூச்சில் பத்தில் ஒன்பது பங்கு வேலை, பூசுவதற்கு முன்னால்தான்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். ஊரெல்லாம் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். நான் காருக்குப் பூசினேன். தை மாதக் காலைக் குளிர் இந்த வேலைக்கு மிகவும் உகந்தது. தகடு சூடாக இருந்தால் பூச்சு கைக்குள் அடங்காமல் இறுகிவிடும். தூசி அடங்க அத்தை கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்தாள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, குழந்தையை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, புட்டியைத் திறந்தேன்.

சின்னக் கட்டையில் சுற்றிய துணியில் சில சொட்டு விட்டு, இரண்டடிச் சதுரம் மட்டும் நெடுக்காகவும் குறுக்காகவும் தடவ வேண்டும். ஓரிரு நிமிஷத்தில் அதன்மேல் வானவில் போல நிறம் ஓடும். அப்போது சுத்தமான துணியால் துடைத்துச் சமப்படுத்த வேண்டும். பிறகு அடுத்த சதுரம். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்புத் தாளை உரக்கப் படித்தார். பேத்தி, "அத்தே, வானவில்லு!" என்று கூவி நேரம் சொன்னாள்.

இடது பின் கதவில் தடவியிருந்தபோது ஆபீஸிலிருந்து டெலிபோன். ஒரு பக்கத்தில் படம் மாறிவிட்டதாம். பேசிவிட்டு வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் பூச்சு இறுகி, உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாக நின்றுவிட்டது. எவ்வளவு துடைத்தும் அசையவில்லை.

அத்தை குனிந்து பார்த்தாள். "அதுக்குன்னு ஒரு நேரம் இருக்குது கண்ணு. தப்பினா தப்பினதுதான்" என்றாள். காரைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் நான் மற்றக் கதவுகளுக்குப் பூசும்போதெல்லாம் அவளுடைய கல்யாணப் போட்டோதான் கண்ணில் நின்றது.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரு தகட்டின் தழும்புக்காக நாலு ராத்திரி படித்தேன். மைக்ரான் கணக்கெல்லாம் மனப்பாடம். முப்பத்தைந்து வருஷமாக இந்த முந்தானையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, அதற்காக ஒரு ராத்திரி படித்தேனா? பற்கறைக்கு இப்போது வைத்தியம் இருக்கிறது. மேலாகத் தேய்த்து எடுக்கிறார்கள். பல் நிறத்தில் பசை வைத்து மூடுகிறார்கள். பீங்கானில் மெல்லிய ஓடு செய்து ஒட்டுகிறார்கள். பல்லுக்கே செராமிக் பூச்சு! சென்னையில் வீதிக்கு ஒரு பல் வைத்தியர்.

அன்று ராத்திரி மெதுவாகச் சொன்னேன். "அத்தை, கடையில் 22,000 கேட்டான். வீட்டிலேயே செய்ததில் 18,600 ரூபாய் மிச்சம். நீங்க ஒரு தடவை சென்னைக்கு வாங்க, பல் டாக்டரைப் பார்க்கலாம்."

"இனிமே என்னாத்துக்கு? என்னைப் பொண்ணு பாக்கவா வரப் போறாங்க?" என்று சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான்.

விளக்கணைத்து வெகு நேரத்துக்குப் பிறகு இருட்டில் கேட்டாள்: "வலிக்குமா?"

கிளம்புகிற அன்று காருக்குக் குங்குமப் பொட்டு வைக்க வந்தாள். பூச்சு முழுக்க இறுகச் சில நாள் ஆகும் என்று கெஞ்சி, நம்பர் பலகையில் வைக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துச் சென்னையில் முதல் தடவை கழுவினேன். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டு ஓடியது. வாசகிகளே, அந்த முத்தைப் பார்த்து மயங்கி விட்டுவிடாதீர்கள். வெயிலில் காய்ந்தால் அதுவும் வட்டமாகக் கறை விழும். துடைத்துவிடுங்கள். துடைத்த துணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: பூச்சு பட்ட துணி கண்ணாடித் தூள் மாதிரி இறுகிவிடும். வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்காமல் தூர எறிந்துவிடுங்கள்.

இடது பின் கதவில் அந்தத் திட்டு அப்படியே இருக்கிறது. பாலிஷ் போட்டு எடுத்துவிட்டு மறுபடி பூசலாம். "எப்போது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்றுக் காலை ஊரிலிருந்து டெலிபோன். பேத்திதான் பேசினாள். "ஆயா கேக்கச் சொன்னாங்க. அந்த டாக்டர் ஞாயித்துக்கிழமை இருப்பாரான்னு."

பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "சும்மா கேட்டேன்னு சொல்லு!"

ஞாயிற்றுக்கிழமை இல்லை, திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். போக வர 600 கிலோமீட்டருக்கும் மேல். காரை எடுத்துக்கொண்டு நானே போய் அழைத்து வருகிறேன்.